எடைத்தராசின் சாட்சியம்: சீலியாக் நோயில் எடையிழப்பும் சத்து உறிஞ்சாமையும்

1. கேள்வி

"தின்கிறது எதுவும் உடம்பில் ஒட்டமாட்டேன் என்கிறது" என்று மெலிந்த பிள்ளையைப் பற்றிக் குறைப்படாத தாய் நம்மிடையே அரிது. உண்பது வேறு, உண்டது உடலில் சேர்வது வேறு என்ற நுட்பமான அறிவு அந்தப் பேச்சுவழக்கில் பொதிந்திருக்கிறது. மருத்துவம் இதைச் 'சத்து உறிஞ்சாமை' என்கிறது. ஆனால் அந்தத் தாயின் சொல்லில் ஓர் அனுமானமும் கலந்திருக்கிறது. ஒட்டாவிட்டால் உடம்பு மெலியும், உடம்பு மெலியவில்லையென்றால் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பதே அந்த அனுமானம். இந்தக் கட்டுரை அதைச் சீலியாக் நோயை முன்வைத்துச் சோதிக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக, மரபுவழிச் சாய்வு உள்ளவர்களின் நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுந்து சிறுகுடலின் உட்சுவரைச் சிதைப்பதே சீலியாக் நோய். மருத்துவப் பாடநூல்கள் இதன் அடையாளமாக நெடுங்காலம் காட்டிவந்தது ஒரு குழந்தையின் உருவம்: உப்பிய வயிறு, வற்றிய தொடை, வெளிறிய முகம், நாற்றமும் எண்ணெய்ப் பசையும் கொண்ட பெருங்கழிச்சல். அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆயினும் அது நோயின் ஒரு முகம் மட்டுமே. மற்ற முகங்களை அது மறைத்துவிட்டது என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது.

2. தராசு கண்டுபிடித்த நோய்

ஆங்கில மருத்துவர் சாமுவேல் ஜீ 1887இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் ஆற்றிய உரையும், மறு ஆண்டு வெளியான அதன் எழுத்து வடிவமும் இந்நோயின் நவீன வரலாற்றுக்குத் தொடக்கம். ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவதாக அவர் கண்டார். நோயாளி தேறுவதென்றால் உணவின் வழியாகவே தேற முடியும் என்று கருதினார். திசை சரி, ஆனால் இலக்குத் தவறியது. அரிசியையும் சவ்வரிசியையும் ஆகாதவை என விலக்கிய அவர், மெல்லிதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியையும் மால்ட் உணவையும் ஏற்கத்தக்கவை என்றார். இந்நோயாளிக்குத் தீங்கற்ற தானியம் விலக்கப்பட்டது. தீங்கான தானியம் தட்டில் இருந்தது. ஒரு குழந்தை நாள்தோறும் டச்சுச் சிப்பிகளை உண்டு நன்கு தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். சான்று கண்முன் இருந்தும் அதைப் படிக்கும் மொழி இன்னும் உருவாகவில்லை.

1924இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை அறிமுகப்படுத்தினார். குழந்தைகளின் எடை ஏறியது, பலர் பிழைத்தனர். வாழைப்பழத்துக்கே குணமாக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பப்பட்டது. உண்மையில் நிகழ்ந்தது, பழம் வந்த இடத்திலிருந்து ரொட்டி வெளியேறியதுதான். எடை கூடியதைத் தராசு சரியாகவே சொன்னது. ஏன் கூடியது என்று சொல்ல அதற்குத் தெரியாது. தராசைச் சாட்சியாக வைப்பதில் உள்ள முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

காரணத்தைக் கண்டவர் வில்லெம் காரெல் டிக்கே (1905–1962), ஹேக் நகர ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர். இவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போக, ஊரெல்லாம் பசியில் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நோயுற்றார்கள். அதைக் கண்டு டிக்கே உண்மையை உணர்ந்தார் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, கால வரிசை இடிக்கிறது. 1930களின் நடுப்பகுதியிலேயே அவர் கோதுமை நீக்கிய உணவைக் குழந்தைகளிடம் சோதிக்கத் தொடங்கிவிட்டார். அது பற்றிய அவரது முதல் டச்சுக் கட்டுரை 1941இல் வெளிவந்தது. பஞ்சம் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியிருக்கலாம், பிறப்பிக்கவில்லை. பஞ்சத்தின் ஒரு கணத்தில் உதித்த ஞானம் என்று சொல்லும்போது, பல ஆண்டுகள் அதே குழந்தைகளை விடாமல் கவனித்த பொறுமை மறைந்துபோகிறது. அந்தப் பொறுமைதான் இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான மூலதனம் என்று கருதுகிறேன்.

1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே அளித்த ஆய்வேட்டின் முதுகெலும்பு, குழந்தைகளின் வளர்ச்சிக் கோடுகள். கோதுமையை நீக்கினால் கோடு மேலேறியது, மீண்டும் சேர்த்தால் சரிந்தது. உடன் பணியாற்றிய வான் டி காமர் மலத்தில் உள்ள கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையை உருவாக்கியிருந்தார். கோதுமை உண்ணும்போது மலக் கொழுப்பு கூடுவதும் நீக்கும்போது குறைவதும் எண்களாகத் தெரியவந்தன. 1952இல் பர்மிங்காம் குழுவினர் கோதுமை மாவிலிருந்து மாவுச்சத்தைப் பிரித்து, தீங்கு செய்வது குளூட்டனே என்று காட்டினர். 1954இல் ஜான் பாலி அறுவையின்போது எடுத்த குடல் திசுவில் சிதைவைக் கண்டார். 1956 முதல் மார்கோட் ஷைனர் போன்றோர் குழாய் வழியே திசு எடுக்கும் முறையை வளர்த்தார்கள்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திசுவும் இரத்தப் பரிசோதனையும் வருவதற்கு முன், நோயை அடையாளங்காட்ட இருந்தவை தராசும் மலமும் மட்டுமே. எனவே எடை குறைந்தவர்களே நோயாளிகளாக எண்ணப்பட்டனர். எண்ணப்பட்டவர்களைக் கொண்டே நோயின் இலக்கணம் எழுதப்பட்டது. வலையின் கண் அளவுக்கு ஏற்ற மீன்தான் சிக்கும். சிக்கிய மீனை வைத்துக் கடலை வரையறுத்ததுபோல் ஆயிற்று.

3. குடலின் எந்த இடம், எந்தச் சத்து

சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவரில் நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் பரப்பைப் பன்மடங்காக்குகின்றன. டென்னிஸ் மைதானத்தின் அளவு என்று பாடநூல்கள் சொல்லிவந்தது மிகை. 2014இல் வெளியான மறுகணக்கு அதைச் சுமார் 30 சதுர மீட்டராகக் குறைத்தது. அதுவும் சிறிய பரப்பன்று.

குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடினில் புரோலின், குளுட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதி. நம் செரிமான நொதிகளால் அவற்றை முழுமையாக அறுக்க முடிவதில்லை. அறுபடாமல் எஞ்சும் துண்டுகள் குடல் சுவருக்குள் செல்ல, அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அவற்றின் மின்தன்மையை மாற்றுகிறது. மாறிய துண்டுகள் எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்னும் மரபுவழி மூலக்கூறுகளில் இறுகப் பொருந்தி, டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன. அதன்பின் அழற்சி மூள்கிறது. உறிஞ்சிகள் குட்டையாகி மழுங்குகின்றன, சில வேளைகளில் சுவர் முழுத் தட்டையாகிறது. அந்த டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள் உருவாக்குகிறது என்பது 1997இல் தெரியவந்தது. இன்று செய்யப்படும் இரத்தப் பரிசோதனைக்கு அதுவே அடிப்படை.

சேதம் குடல் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. உணவு முதலில் வந்து சேரும் முன்சிறுகுடலிலும் இடைச்சிறுகுடலின் தொடக்கத்திலும் அது கடுமையாக இருக்கும், கீழே செல்லச்செல்லக் குறையும். இந்த நிலவியல்தான் நம் கேள்விக்கான திறவுகோல். இரும்புச்சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. ஃபோலேட், கால்சியம் ஆகியவற்றுக்கும் மேற்பகுதியே முக்கியம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை மேலே தவறினாலும் கீழே உறிஞ்சப்பட வாய்ப்புண்டு. பின்சிறுகுடல் ஈடுகொடுக்கிறது. உறிஞ்சப்படாத மாவுச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்க, அவையும் உடலுக்கு ஆற்றலாகின்றன. ஆற்றலைக் காப்பாற்ற உடலுக்கு இத்தனை மாற்றுவழிகள் உள்ளன. இரும்புக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே உடல் எடை மாறாமலே ஒருவருக்கு இரத்தம் வற்றலாம், எலும்பு வலுவிழக்கலாம். எடை என்பது ஆற்றலின் கணக்கு. சத்துகளின் கணக்கு வேறு ஏட்டில் இருக்கிறது.

சேதம் நீண்டு பரவும்போது கொழுப்பு தப்பிக்கிறது. இதற்கு உறிஞ்சிகளின் இழப்பு மட்டும் காரணமன்று. சிதைந்த சுவர் கோலிசிஸ்டோகினின் என்னும் ஹார்மோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் பித்தப்பை சரிவரச் சுருங்குவதில்லை, கணையமும் சுணங்குகிறது. உறிஞ்சுவதற்கு முந்தைய செரிமானமே தடுமாறுகிறது. கொழுப்போடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வெளியேறுகின்றன. பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி உறிஞ்சிகளின் விளிம்பில் இருப்பதால் பால் ஒத்துக்கொள்ளாமலும் போகிறது. "பால்தான் ஆகவில்லை" என்று பாலை மட்டும் நிறுத்திவிட்டுக் கோதுமையைத் தொடரும் வீடுகளில் உண்மையான காரணம் ஒளிந்துகொள்கிறது.

எடையிழப்பின் அளவை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். நாள் ஒன்றுக்கு 100 கிராம் கொழுப்பு உண்ணும் ஆரோக்கியமானவரின் மலத்தில் 7 கிராமுக்கு மேல் கொழுப்பு இருப்பதில்லை. ஒரு நோயாளி 30 கிராம் இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் இழப்பு 270 கிலோகலோரி. பசி குன்றாதவர் இதைக் கூடுதலாக உண்டே ஈடுகட்டிவிடலாம். உண்மையில் பலர் அப்படித்தான் நிறைய உண்கிறார்கள். பசி மங்கியவர், உண்டதும் வயிறு உப்பி நோகிறதே என்று தட்டை ஒதுக்குபவர், இரண்டு பக்கமும் இழக்கிறார். ஒரே அளவு குடல் சேதம் உள்ள இருவரில் ஒருவர் எலும்பும் தோலுமாக, மற்றவர் சதைப்பிடிப்போடு இருப்பது இவ்வாறுதான். எடையிழப்பு, உறிஞ்சாமையின் நேரடி அளவுகோல் அன்று. உறிஞ்சாமைக்கும் பசிக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கலில் எஞ்சுவதே அது.

4. மெலியாத நோயாளிகள்

வட அயர்லாந்தில் 371 நோயாளிகளை ஆராய்ந்து டிக்கியும் கியர்னியும் 2006இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் பலரைத் திடுக்கிடச் செய்தது. நோய் கண்டறியப்பட்டபோது எடை குறைந்தவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. 39 விழுக்காட்டினர் அதிக எடையினர், அவர்களில் உடற்பருமன் எல்லையைத் தாண்டியவர்களும் இருந்தனர். நியூயார்க்கில் 369 பேரை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் எடை குறைந்தவர்கள் சுமார் 17 விழுக்காடு. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் நோயாளிகளில் இந்தப் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று.

இந்த எண்களை அருகருகே வைத்து, "இந்தியாவில் நோய் கடுமையானது" என்று முடிவுகட்டுவது அவசரம். எண்கள் மூன்று வேறு மக்கள்தொகைகளிலிருந்து வருகின்றன. வட அயர்லாந்தில் சராசரி மனிதர் ஏற்கெனவே கனமானவர், ஐயம் எழுந்தவுடன் இரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. இந்தியாவில் மெலிந்த உடலே பரவலானது, நோய் தாமதமாகக் கண்டறியப்படுகிறது. எடையின் பங்கீடு நோயைப் பற்றிச் சொல்வதைவிட, அந்தந்தச் சமூகத்தின் தட்டையும் மருத்துவமனையையும் பற்றியே அதிகம் சொல்கிறது. தில்லியிலும்கூட மூன்றில் இருவர் எடை குறைந்தவர்கள் அல்லர் என்பது அதனினும் முக்கியமான செய்தி.

2013இல் வெளியான ஓஸ்லோ வரையறைகள் 'வழக்கமான', 'வழக்கத்துக்கு மாறான' என்று நோயைப் பிரிக்கும் பழைய சொற்களைக் கைவிடப் பரிந்துரைத்தன. கழிச்சலும் எடையிழப்பும் கொண்ட வடிவத்தைச் 'செவ்வியல் வடிவம்' என அழைக்கலாம், அதையே பெரும்பான்மை வடிவம் என்று எண்ணக்கூடாது என்பது அதன் உட்பொருள். ஒரு பெயர் மாற்றம் எத்தனை நோயாளிகளைக் காப்பாற்றும் என்று ஐயுறுவோர் உண்டு. மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதைப் பெயர்தான் தீர்மானிக்கிறது என்பதால் இந்த மாற்றத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

5. கோதுமை நாடும் அரிசி நாடும்

மெலிந்தவர்கள் நிறைந்த நாட்டில் மெலிவு எதையும் தனித்துச் சுட்டுவதில்லை. காசநோய், குடற்புழு, ஜியார்டியா, வறுமை என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோய் இருப்பது 1960களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவானது. ஆயினும் இது ஐரோப்பியரின் நோய் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நீடித்தது. தில்லி வட்டாரத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டிய பிறகே அந்த எண்ணம் தளர்ந்தது.

தென்னகத்தின் நிலை வேறு. ராமகிருஷ்ணா உள்ளிட்டோர் 23,331 பேரைப் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி எதிர்ப்பொருள் காணப்பட்டோர் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. மரபணுச் சாய்வு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒன்றே: வடக்கில் 38.1, தெற்கில் 36.4 விழுக்காடு. அன்றாடக் கோதுமை உட்கொள்ளல் வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். சோறு நம்மைக் காத்திருக்கிறது என்று இதை வாசிக்கத் தோன்றும். பெருமளவு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான், தெற்கைவிடச் சற்றே அதிகம். அங்கே எதிர்ப்பொருள் விகிதமோ எட்டு மடங்குக்கும் மேல். கோதுமையின் அளவு மட்டும் முழு விளக்கமாகாது. எச்.எல்.ஏ. அல்லாத பிற மரபணுக்களும் குடல் நுண்ணுயிர்களும் கணக்கில் வர வேண்டும்.

தமிழகத்துக்கு இதில் இன்னொரு வரலாறும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய் கொள்ளைநோய்போல் பரவியது. நீண்ட கழிச்சல், எடையிழப்பு, இரத்தசோகை ஆகியவை அதன் குறிகள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தனர். அங்கும் உறிஞ்சிகள் மழுங்கின. ஆனால் அந்நோய் பின்சிறுகுடலையும் தாக்குவதால் பி12 பற்றாக்குறை முன்னே வந்தது. கோதுமையை நீக்குவதால் அது குணமாகவில்லை, டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் பயன்தந்தன. எந்த நோய்க்குறியும் இல்லாத தென்னிந்தியரின் குடலிலேகூட உறிஞ்சிகள் ஓரளவு மழுங்கியிருப்பதை வேலூர் ஆய்வுகள் காட்டின. ஆகவே இங்கே திசுப் பரிசோதனை மட்டும் தீர்ப்பாகாது, எதிர்ப்பொருள் சான்றும் உடன் வேண்டும். தராசைப் போலவே நுண்ணோக்கியும் தனியாக நின்றால் தவறும்.

இன்றைய தமிழ் வீட்டில் ரவை, சேமியா, மைதா, பரோட்டா, சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்தி என்று கோதுமை பல வாசல்களில் நுழைகிறது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். இவற்றில் என் மனத்தை மிகவும் உறுத்துவது மால்ட் பானம். பிள்ளை மெலிகிறதே, எடை போடட்டும் என்று காலையும் மாலையும் பாலில் கலக்கும் அந்தப் பொடியில் பல வகைகள் பார்லி மால்ட்டும் கோதுமையும் கொண்டவை. சீலியாக் பிள்ளைக்கு அது நோயையே கரைத்துக் கொடுப்பதாகிவிடுகிறது.

6. ஏறும் எடை, ஆறாத குடல்

சிகிச்சை ஒன்றே: வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரத்தைப் போலவே இந்திய விதியும் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் உள்ளதையே 'குளூட்டன் இல்லாதது' என ஏற்கிறது. உணவு மாறியதும் பலருக்குச் சில மாதங்களில் எடை கூடுகிறது, குடும்பம் நிம்மதி அடைகிறது. இங்கும் தராசு முந்திக்கொள்கிறது. அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குடல் சுவர் ஆறியிருக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 66 விழுக்காடு என்றே கணக்கிடப்பட்டது. எடை மீண்டுவிட்டது என்பதற்காகக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவோரைக் குறைகூறப் பயனில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே அளவுகோல் அதுதான்.

முன்னர் குறிப்பிட்ட வட அயர்லாந்து ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டைச் சரியாகப் பின்பற்றியவர்களில் 81 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளில் எடை கூடினர். முன்பே அதிக எடை கொண்டிருந்தவர்களிலும் 82 விழுக்காட்டினர் இன்னும் கூடினர். நியூயார்க்கிலோ அதிக எடையினரில் 54 விழுக்காட்டினர் எடை குறைந்தனர். முரண்போலத் தோன்றும் இந்த வேறுபாட்டில் உணவு ஆலோசனையின் தரத்துக்குப் பங்கிருக்கும் என்பது என் ஊகம். குடல் ஆற ஆற முன்பு வீணாய்ப் போன கலோரிகள் உடலில் தங்குகின்றன. பழைய அளவிலேயே உண்பவர் பருப்பது இயல்பு. சோறு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பருப்பு என்று இயல்பிலேயே குளூட்டன் இல்லாத உணவுகள் நம் சமையலறையில் நிறைய உண்டு. விலைமிகுந்த பொட்டலப் பண்டங்கள் தேவையே இல்லை.

எடை சொல்வதை உடனே நம்ப வேண்டிய தருணம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டோடு இருந்து தேறிய ஒருவர் காரணமின்றி மீண்டும் மெலியத் தொடங்கினால், தெரியாமல் குளூட்டன் சேர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில் உணவுக்கு அடங்காத சீலியாக் நோய், அரிதாகக் குடல் நிணநீர்ப் புற்றுநோய் வரை ஆராய வேண்டும். அந்த மெலிவைத் தள்ளிப்போடக்கூடாது.

7. மருத்துவர்களுக்கும் குடும்பங்களுக்கும்

மாத்திரை விழுங்கியும் ஏறாத இரும்புச்சத்து, வயதுக்கேற்ற உயரம் எட்டாத பிள்ளை, இளம் வயதிலேயே வலுவிழந்த எலும்பு, ஓயாத வயிற்று உப்பல், வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குச் சீலியாக் நோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் பரிசோதனையை எழுதித்தர வேண்டும். ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் வகை இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு அந்தச் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டும் என்பதால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடை சரியாக இருக்கிறதே என்று தள்ளிவைக்க வேண்டாம். தென்னிந்தியருக்கு இது வராது என்றும் சொல்ல வேண்டாம். குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: ஐயம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் செல்லாதீர்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இரத்தமும் குடல் திசுவும் உண்மையைக் காட்டும்.